மனசு இரண்டு பக்கமும் இழுக்கும்போது: ஆற்றல் உளவியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

சென்னை தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் இரவு மழை பிடித்துக்கொண்டால், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பல வருஷம் எனக்குத் தூக்கம் கிடையாது. மழை விட்ட பிறகும் எழுந்து போய் வாசல் கேட்டுக்கு அந்தப்பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பேன். தெரு காய்ந்துகொண்டிருக்கும். கண்ணால் பார்த்தும் வயிறு பிசைவது நிற்காது, கை சில்லிட்டே இருக்கும். அந்த டிசம்பர் 1-ஆம் தேதி இரவு ஏறிய அடையாற்றுத் தண்ணீர் எங்கள் கூடத்தில் இடுப்பளவு நின்றது. மறுநாள் படகில்தான் வெளியே வந்தோம். வெள்ளம் வடிந்துவிட்டது என்று புத்திக்கு என்றைக்கோ தெரிந்துவிட்டது. உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

இப்படிப் புத்திக்குத் தெரிந்தது உடம்பு வரை போய்ச் சேராமல் நடுவில் சிக்கி நிற்பதைத்தான் மனத்தடை, எமோஷனல் பிளாக் என்றெல்லாம் சொல்கிறார்கள். அந்தச் சிக்கலை உடம்பு வழியாகவே அவிழ்க்கப் பார்க்கிற முறைகளுக்குப் பொதுப்பெயர் ஆற்றல் உளவியல். எனர்ஜி சைக்காலஜி என்றால் இன்னும் நிறையப் பேருக்குப் புரியும். அதில் எது உருப்படியானது, எதை நம்ப வேண்டாம், நமக்குள் இழுபறி நடத்தும் இரண்டு குரல்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

உணர்ச்சி உடம்பில்தான் இருக்கிறது என்பதைத் தமிழருக்கு யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. துக்கத்தில் தொண்டையை அடைக்கிறது. சொல்ல முடியாத விஷயம் நெஞ்சில் பாரமாக உட்காருகிறது. பொறாமையில் வயிறு எரிகிறது. நகை, அழுகை, அச்சம், வெகுளி என எட்டு உணர்வுகளை வகைப்படுத்திய தொல்காப்பியம் அவற்றுக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. அதனால் யாராவது என்னிடம் 'மனசு சரியில்லை' என்று சொன்னால், முதலில் 'எங்க பிடிக்குது?' என்றுதான் கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் ஓர் இடத்தில் கை வைத்துவிடுவார்கள்.

இந்த முறையின் தொடக்கமும் ஒரு தண்ணீர்ப் பயம்தான். அமெரிக்க உளவியலாளர் ரோஜர் காலஹானிடம் 1980 வாக்கில் மேரி என்ற பெண் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். தொட்டியில் குளிக்கக்கூட நடுங்கும் அளவுக்குத் தண்ணீர்ப் பயம். ஒரு வருஷத்துக்கு மேல் பேசிப் பார்த்தும் பெரிய பலன் இல்லை. ஒருநாள் மேரி, தண்ணீரை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றார். சீன அக்குபங்சரில் உடம்புக்குள் ஆற்றல் ஓடுவதாகச் சொல்லும் பாதைகளில் வயிற்றுக்கானது கண்ணுக்குக் கீழே தொடங்குவதாகக் காலஹான் படித்திருந்தார். அந்த இடத்தை விரலால் தட்டச் சொன்னார். சில நிமிடத்தில் வயிற்றுப் பிசைவு போய்விட்டது என்று அந்தப் பெண் வெளியே இருந்த நீச்சல் குளத்தை நோக்கி நடந்தாராம். இது காலஹானே சொன்ன கதை. ஒரே ஒருவருக்கு நடந்ததை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் இதிலிருந்துதான் தாட் ஃபீல்டு தெரபி என்ற முறை பிறந்தது. எந்தப் பிரச்சினைக்கு எந்த வரிசையில் தட்டுவது என்று அதில் நிறைய விதிகள். 1990-களில் காலஹானின் மாணவர் கேரி கிரெய்க், படிப்பால் பொறியாளர், அந்த வரிசைகளை எல்லாம் விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே சுற்று போதும் என்று சுருக்கினார். அதுதான் இஎஃப்டி (எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ்), பேச்சு வழக்கில் டேப்பிங். இன்று உலகம் முழுக்கப் புழங்குவது இதுதான்.

தாம்பரம் பக்கத்து ஆள் என்பதால் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி: 'இது நம்ம வர்மம்தானே?' இல்லை. தட்டும் இடங்கள் சீன அக்குபங்சர் வரைபடத்திலிருந்து அமெரிக்கா வழியாக வந்தவை. வர்மம் சித்த மருத்துவத்தைச் சேர்ந்தது. அதற்கென்று தனி மரபும் தனிப் பயிற்சியும் உண்டு. அடி தவறினால் ஆபத்து என்ற எச்சரிக்கையும் உண்டு. வர்மம் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையென்றால் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து 'சித்தர் டேப்பிங்' என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இனி, எப்படித் தட்டுவது?

தொந்தரவு செய்யும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'என் வாழ்க்கை' என்பது மாதிரி விரிந்ததாக இருந்தால் பிடி கிடைக்காது. எனக்கு அது தகரத்தில் மழை விழும் சத்தம். அதை நினைக்கும்போது எவ்வளவு பதற்றம் என்று 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். இந்த அளவுகோல் டேப்பிங்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. பயச் சிகிச்சையில் முன்னோடியான ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் கொடுத்தது. அவர் முதலில் வைத்தது 100 வரை. நான் அன்று போட்ட எண் 8.

பிறகு ஒரு கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தை மறு கை விரல்களால் தட்டிக்கொண்டே ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொல்ல வேண்டும். அதன் அமைப்பு இது: 'எனக்கு இந்தப் பயம் இருந்தாலும், என்னை நான் முழுசா ஏத்துக்கறேன்.' பின்பகுதி பலருக்குத் தமிழில் வாயில் வராது. புத்தகத்தில் படித்ததை ஒப்பிப்பது போல இருக்கும். நானும் அங்கேதான் தடுமாறினேன். கடைசியில் எனக்கு ஒட்டிய வாக்கியம்: 'மழைச் சத்தம் கேட்டா வயிறு கலங்குது. கலங்கினாலும் பரவாயில்ல, நான் இங்கதான் இருக்கேன்.' உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம் சுற்று. இரண்டு விரலால், கதவு தட்டுவதைவிட மெதுவாக, ஒவ்வொரு இடத்திலும் ஏழெட்டு முறை. புருவம் மூக்குப் பக்கம் தொடங்கும் இடம், கண்ணின் வெளி ஓரத்து எலும்பு, கண்ணுக்கு நேர் கீழ் எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்குக் கீழே இருக்கும் குழி, காறையெலும்புக்குச் சற்றுக் கீழே, அக்குளிலிருந்து நாலு விரல் கீழே, கடைசியில் உச்சந்தலை. தட்டும்போது 'இந்த மழைச் சத்தம்', 'வயித்துல இந்தக் கலக்கம்' என்று சிக்கலை நினைவில் வைத்துக்கொள்வதற்கு ஒரு சின்னச் சொல். சுற்று முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி எண் போட்டுப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் இன்னொரு சுற்று. குறையவே இல்லை என்றால் பெரும்பாலும் உண்மையில் உறுத்துவது வேறு விஷயமாக இருக்கும். எனக்கு மூன்றாவது சுற்றில் மழைச் சத்தம் போய், இருட்டில் கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து கதவில் 'டங்'கென்று மோதிய சத்தம் நினைவுக்கு வந்தது. அந்த இரவின் உண்மையான பயம் அதற்குள்தான் இருந்திருக்கிறது. அன்று வரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இது வேலை செய்கிறதா? தட்டிப் பார்ப்பதற்கு முன்பே இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

தட்டுவோருக்குப் பதற்றம் குறைகிறது என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. 2012-இல் வெளியான ஒன்றில் 83 பேர். ஒரு மணி நேரம் டேப்பிங் செய்த குழுவுக்கு எச்சிலில் இருந்த கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் சராசரியாக 24 சதவீதம் இறங்கியது. பேச்சு ஆலோசனை பெற்ற குழுவுக்கும் ஒன்றும் செய்யாமல் இருந்த குழுவுக்கும் 14 சதவீத அளவில் இறங்கியது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் இந்த முறையைப் பரப்புகிறவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆனால் ஆற்றல் பாதைதான் காரணமா என்பது வேறு கேள்வி. 2003-இல் வெய்ட், ஹோல்டர் என்ற இருவர் 119 கல்லூரி மாணவர்களை நாலு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு சரியான இடங்களில் தட்டியது. இன்னொன்று கையில் ஏதோ ஓர் இடத்தில் தட்டியது. மூன்றாவது குழு தன் உடம்பையே தொடாமல் ஒரு பொம்மையைத் தட்டியது. நாலாவது குழு தட்டவே இல்லை. தட்டிய மூன்று குழுவுக்கும் பயம் குறைந்தது. தட்டாத குழுவுக்குக் குறையவில்லை. பொம்மையைத் தட்டினாலே குறைகிறது என்றால், கண்ணுக்குக் கீழே வயிற்றுப் பாதை ஓடுகிறதா இல்லையா என்பதில் என்ன இருக்கிறது? அந்தப் பாதைகளை உடற்கூற்றில் யாரும் கண்டதும் இல்லை. தாட் ஃபீல்டு தெரபிக்கான பயிற்சி வகுப்புகளை உளவியலாளர் தொடர்கல்விக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அமெரிக்க உளவியல் சங்கம் 1999-இல் சொன்னதும் ஆதாரம் போதாது என்ற காரணத்தால்தான்.

என் முடிவு இது: 'ஆற்றல்' என்ற பெயர் தன் தகுதிக்கு மீறிய வாக்குறுதி தருகிறது. செய்முறை அப்படியல்ல. பயந்த விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மனதில் கொண்டுவருவது, அதே நேரத்தில் உடம்பை ஒரு சீரான, இதமான அசைவில் வைத்திருப்பது, 'இப்படி இருந்தாலும் பரவாயில்லை' என்று தனக்குத் தானே வாய்விட்டுச் சொல்வது. இந்த மூன்றுமே பயச் சிகிச்சைகளில் பழகிய சங்கதிகள். 2000-இல் கரீம் நாடெர், க்ளென் ஷாஃபே, ஜோசப் லெடூ மூவரும் எலிகளில் செய்த ஒரு சோதனை, திரும்ப நினைவுக்கு வந்த பயம் சிறிது நேரத்துக்கு இளகுகிறது, மறுபடி இறுக அதற்குப் புதுசாக வேலை நடக்க வேண்டியிருக்கிறது என்று காட்டியது. தட்டும்போது நடப்பதும் அதுதான் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு முதுகில் தட்டுகிறோமே, அந்தத் தட்டில் எந்த வரைபடமும் இல்லை.

பயத்துக்கு இது போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நிறையப் பேரைப் பிடித்து நிறுத்தியிருப்பது வெறும் பயமல்ல. இரண்டு ஆசைகள்.

நற்றிணையின் 284-ஆம் பாட்டில் பொருள் தேட வெளியூர் போன ஒருவன் வருகிறான். நெஞ்சு அவனிடம் 'வா போகலாம், அவள் துன்பத்தைத் தீர்க்கலாம்' என்கிறது. அறிவு 'எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் அறியாமையும் இழிவும்தான் மிஞ்சும், அவசரப்படாதே' என்கிறது. நடுவில் நிற்கும் அவன், ஒளிரும் தந்தங்கள் கொண்ட இரண்டு ஆண் யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும், புரி தேய்ந்த பழங்கயிறு போல அழிந்துபோகுமோ என் உடம்பு என்கிறான். எழுதியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையே பெயராகி அவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகிவிட்டார். பாட்டின் கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள்: 'உடம்பே'. மனம் அழியும் என்று அவன் சொல்லவில்லை. நெஞ்சும் அறிவும் இழுப்பதில் தேய்வது உடம்பு.

உள் முரண் என்றால் இதுதான். 'வேலையை விட்டுடு' என்று ஒன்று, 'வீட்டுக் கடன் இருக்கு' என்று ஒன்று. அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள ஒன்று, கொஞ்ச நாளாவது தனியாக இருக்க ஒன்று. பொதுவாக நாம் ஒரு யானைக்கு நல்லது என்றும் மற்றதற்குக் கெட்டது என்றும் பெயர் வைத்து, நல்லதன் பக்கம் சேர்ந்துகொண்டு இழுப்போம். கயிறு இன்னும் வேகமாகத் தேயும்.

சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் இதைத்தான் வாழ்நாள் முழுக்க எழுதினார். நமக்குப் பிடிக்காத குணங்களை உள்ளே தள்ளி மூடினால் அவை ஒழிவதில்லை, நிழலாகப் பின்னால் நடந்து வருகின்றன என்றார். எதிரெதிர் இரண்டையும் அவசரப்படாமல் ஒன்றாகத் தாங்கிக்கொண்டிருந்தால் இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று பிறக்கும் என்று 1916-இலேயே எழுதியிருக்கிறார். (1937 கடைசியில் அவர் இந்தியாவுக்கு வந்தபோது திருவண்ணாமலையில் ரமணர் இருந்தார், யுங் போய்ப் பார்க்கவில்லை. அந்தச் சந்திப்பு நடந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.) கெஸ்டால்ட் என்ற உளவியல் சிகிச்சை முறையின் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் இதை நாற்காலிக்குக் கொண்டுவந்தார். உள்ளே அதட்டும் குரலுக்கு ஒரு நாற்காலி, ஒடுங்கும் குரலுக்கு ஒன்று. ஆள் மாறி மாறி உட்கார்ந்து பேச வேண்டும். கனடாவின் லெஸ்லி கிரீன்பர்க் இந்த இரு நாற்காலி உரையாடலைப் பல ஆண்டுகள் முறையாக ஆராய்ந்தார். ஆற்றல் உளவியலின் பக்கத்திலிருந்து செர்பிய உளவியலாளர் ஷிவொராத் ஸ்லாவின்ஸ்கியும் இதே இடத்துக்கு வந்தார். ஒரு முனையை முழுசாக உணர்ந்து, உடனே எதிர் முனைக்குப் போய் அதையும் முழுசாக உணர்ந்து, இரண்டும் கலக்கும் வரை போய்வருவது அவருடைய முறை.

தட்டலும் முரணும் சந்திக்கும் இடம் முன்பு சொன்ன அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது: 'பயம் இருந்தாலும்'. தமிழில் 'ஆலும்' என்று முடித்தால் முன்னால் சொன்னது பொய்யாவதில்லை, பின்னால் சொல்வதும் பொய்யாவதில்லை. இரண்டு யானைக்கும் ஒரே வாக்கியத்தில் இடம் கிடைக்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். என் முரண் வீடு. முடிச்சூர் வீடு என் அப்பா பிடித்தம் போகக் கிடைத்த சம்பளத்தில் கட்டியது. 2015-க்குப் பிறகு என் கணவர் வருஷத்துக்கு ஒரு தடவை, 'வித்துட்டுப் பல்லாவரம் பக்கம் மேடா எங்கயாவது பாப்போமா?' என்பார். நான் சரி என்பேன். தரகர் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன். எட்டு வருஷம் இப்படியே போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெரு மறுபடி மூழ்கியபோதுதான் இதைச் செய்து பார்த்தேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரில் ஒரு பாய். முதலில் இரண்டு மூன்று சுற்றுத் தட்டி உடம்பை அடக்கினேன். பதற்றம் 7, 8-இல் இருக்கும்போது எந்தக் குரலும் காதில் விழாது, 4-க்கு இறங்கட்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து விற்கச் சொல்லும் குரலாகப் பேசினேன். 'இங்கயே கிட. அடுத்த தடவ படகு வராம போகட்டும், அப்பத் தெரியும்.' அதட்டல்தான். பாய்க்கு இறங்கி மற்றக் குரலாகப் பேசினேன். அது எதுவுமே பேசவில்லை. வெகு நேரம் கழித்து, 'அப்பா இருக்காரு' என்றது. அவர் போய்ப் பதினோரு வருஷம்.

இங்கேதான் முக்கியமான கேள்வியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு குரலிடமும், சண்டைக்குப் போகாமல், 'நீ எனக்காக எதைக் காப்பாத்தற?' என்று கேளுங்கள். நாற்காலிக்குரல், 'உன் உசுர. பசங்க உசுர' என்றது. அதட்டல் காணாமல் போயிருந்தது. பாய்க்குரல், 'அவர் கஷ்டப்பட்டது வீணில்லேன்னு யாராவது சொல்லணும்ல?' என்றது. பதில் வந்ததும் அதே இடத்தில் உட்கார்ந்தபடி ஒரு சுற்றுத் தட்டிவிட்டு மறு இடத்துக்குப் போனேன். நாலைந்து முறை போய்வந்ததும் நாற்காலியும் பாயும் ஒன்றை ஒன்று கேட்க ஆரம்பித்தன. கடைசியில் நடுவில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் மலர்த்தி, ஒரு கையில் ஒன்று மறு கையில் மற்றது என்று பாவித்துச் சும்மா இருந்தேன். அழுதேன். அன்றைக்கு எந்த முடிவும் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது, இரண்டு நாள் ஆறப்போட வேண்டும்.

யாரெல்லாம் இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நினைத்த மாத்திரத்தில் மூச்சு முட்டுகிற, நேரம் காலம் மறந்துபோகிற அளவுக்கு ஆழமான காயம் இருந்தால், பயிற்சி பெற்ற உளவியலாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே. வெளியிலிருந்து யாரோ பேசுவது போல உண்மையாகவே குரல் கேட்கிறவர்கள் நாற்காலிப் பயிற்சியைத் தொட வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடுகிற மாத்திரையைத் தட்டுவதை நம்பி நிறுத்தாதீர்கள். அடி விழுகிற வீட்டில் 'போ', 'இரு' என்று இரண்டு குரல் கேட்டால் அவற்றைச் சமாதானப்படுத்துவது முதல் வேலை அல்ல, பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் முதல் வேலை. பெண்களுக்கான உதவி எண் 181. செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மனஸ், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இருக்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை நாம் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் பரம்பரை அது. அந்தக் கேலிக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவர்களை என் உறவிலேயே பார்த்திருக்கிறேன். டேப்பிங் அந்தத் தள்ளிப்போடலுக்கு இன்னொரு சாக்காக ஆகிவிடக் கூடாது என்பது என் பெரிய கவலை. 'ஏழே நாளில் எல்லாத் தடையும் போகும்' என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள். தட்டுவதற்கு இரண்டு விரல் போதும், அது உங்களிடமே இருக்கிறது.

வீட்டை நாங்கள் விற்கவில்லை. மாடியில் ஓர் அறையும் சமையல் மேடையும் எடுத்தோம். பத்திரங்களும் அப்பாவின் போட்டோவும் இப்போது மேலேதான். அக்டோபர் பிறந்தால் சிலிண்டர், ஃபிரிட்ஜ், அரிசி மூட்டை எல்லாம் மாடிக்கு ஏறிவிடும். ரெட் அலர்ட் வந்தால் பல்லாவரத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவோம். எட்டு வருஷம் இது ஏன் தோன்றவில்லை என்று கணவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மழை இரவுகளில் என் எண் இப்போது 3. டார்ச் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது, போன மழைக்கு ஒரே ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.